பெரும்பாக்கத்தில் இருந்துகொண்டு காட்டுயிர் வரைய முடியுமா?

பெரும்பாக்கத்தில் குடியிருக்கும் ஐடி ஊழியர் ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு வருடமாக யூடியூப் பார்த்து வாட்டர்கலர் பழகுகிறாராம். இணையத்தில் கிடைக்கும் புலி, யானை, பனிமலைப் படங்களை வைத்து அச்சு அசலாக வரைந்துவிடுகிறார். வீட்டில் பாராட்டுகிறார்கள். ஆனால் அவருக்கே அதில் உயிர் இல்லை என்று படுகிறது. "இயற்கையிலிருந்துதான் எனக்கு உந்துதல் என்று ஓவியர்கள் பேட்டி கொடுக்கிறார்களே, நடைமுறையில் அது என்ன? சென்னையில் இருந்துகொண்டு காட்டுயிர் வரைய முடியுமா, முதுமலைக்குத்தான் போக வேண்டுமா? ஓவியக் கல்லூரியில் படிக்காதவனுக்கு இது கைகூடுமா?" பார்க்க மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: கண் பார்ப்பதற்கும் கை வரைவதற்கும் நடுவில் ஓவியர் என்னதான் செய்கிறார்?

நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவன். 25 வருடமாகச் சென்னையையும் சுற்றுவட்டார நீர்நிலைகளையும் வரைந்துகொண்டிருக்கிறேன். பெரும்பாலும் வாட்டர்கலர், கொஞ்சம் இங்க். ஆயிலில் என் அனுபவம் குறைவு, டிஜிட்டல் பக்கம் போனதே இல்லை. ஆகவே கீழே பெயின்ட், காகிதம் பற்றிச் சொல்வதெல்லாம் வாட்டர்கலருக்கு மட்டும். பறவையியலும் நான் முறையாகப் படித்ததில்லை; பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

உந்துதல் என்ற சொல்லே ஆளைக் குழப்பிவிடுகிறது. ஏதோ ஒரு விடியற்காலையில் மெய்சிலிர்த்து, வீட்டுக்கு ஓடிவந்து தூரிகையை எடுப்பது மாதிரி ஒரு படம் மனதில் வருகிறது. எனக்கு அப்படி நடந்தது இரண்டோ மூன்றோ தடவை. அப்போது வரைந்தவை எல்லாமே சுமார் ரகம். நடைமுறையில் அது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். முதல் ஐந்தாறு தடவை காலண்டர் படம்தான் வரும், அதில் தப்பில்லை. பத்தாவது தடவை போகும்போது, போன வாரம் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது சேறு தெரிகிறதே, கோரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, கூட்டமாக நின்ற பறவைகள் எங்கே என்றெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். படம் அந்த மாற்றத்திலிருந்துதான் பிறக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்த இடத்தில் மாற்றம் எங்கிருந்து தெரியும்?

ஒரு பறவையை வைத்தே சொல்கிறேன். மடையான், அதாவது நம் ஆட்கள் குருட்டுக் கொக்கு என்பார்களே, அது. பள்ளிக்கரணைச் சதுப்பின் நடுவே போகும் 200 அடி சாலை ஓரம் நின்றால் எப்படியும் ஒன்றாவது கண்ணில் படும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். முதுகு மண் பழுப்பு. கழுத்திலும் மார்பிலும் மேலிருந்து கீழாகப் பழுப்புக் கோடுகள். பின்னால் இருக்கும் காய்ந்த கோரைத் தண்டுகளும் அதே மாதிரி மேலிருந்து கீழாகத்தான் ஓடுகின்றன, ஆகவே நாலு அடி தள்ளி நின்றால்கூடப் பறவையைக் காணோம். லாரி ஒன்று ஹாரன் அடித்தால் சட்டென்று எழும்பும். அந்த நொடியில் பழுப்பெல்லாம் மறைந்து, யாரோ வேட்டியை உதறினாற்போல் வெள்ளை வெளேர் என்று இறக்கை. இறங்கி மடக்கியதும் மறுபடி மண்.

முதல் வருடம் இதை நான் வரைந்ததெல்லாம் தோல்வி. பென்சிலால் அழகாக வெளிக்கோடு போட்டு, உள்ளே நிறம் அடித்து, பிறகு சுற்றிலும் கோரையை வைப்பேன். ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் இருக்கும். வெளிக்கோடு இல்லாமல் இருப்பதுதான் அந்தப் பறவையின் பிழைப்பே என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கோரை. அந்தக் கோடுகள் ஓரிடத்தில் கொஞ்சம் நெருக்கமாக, கொஞ்சம் வளைந்து விழும். அதற்குள் மஞ்சளாக ஒரு கண், நுனி கறுத்த அலகு. அவ்வளவுதான். பார்ப்பவர் படத்தைப் பார்த்து மூன்று விநாடி கழித்து "அட, இங்க ஒண்ணு நிக்குது" என்கிறார். எனக்குச் சாலையோரம் நடந்ததும் அதுதானே. உங்கள் புலிப் படத்தில் இல்லாதது இந்த மூன்று விநாடி என்றுதான் நினைக்கிறேன். அந்தப் புலியைக் கண்டுபிடித்தது வேறு யாரோ, அவர் கேமராவுக்குள் அது நடந்து முடிந்துவிட்டது.

வெளியில் போகும்போது நான் பெரிதாக எதுவும் கொண்டுபோவதில்லை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய நோட்டு, ஒரு பேனா, மடக்கு ஸ்டூல், ஒரு பைனாகுலர். ஒரு பறவைக்கு இரண்டு நிமிடம், மிஞ்சினால் நான்கு. அது திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்குவேன். பத்து நிமிடத்தில் பறவை பழைய நிலைக்கு வரும், அப்போது முதல் படத்துக்குத் திரும்பலாம். நிறத்தை அங்கேயே பூசுவது குறைவு, வார்த்தையில் எழுதிக்கொள்வேன். அதுவும் பெயின்ட் டியூப்பில் இருக்கும் பெயர்களால் அல்ல. "முதுகு: இரண்டாம் டிகாஷன்." "தண்ணீர், 6.40 மணி: அரிசி கழுநீர், ஓரத்தில் புளித்தண்ணீர்." "வானம்: வெளுத்த பள்ளிச் சட்டை." இப்படி எழுதினால் மூன்று மாதம் கழித்துப் படித்தாலும் நிறம் கண்முன் வந்து நிற்கிறது. "கிரே பிளஸ் ப்ரவுன்" என்று எழுதிய குறிப்புகள் எனக்கு ஒரு தடவைகூட உதவியதில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம், இதில் சந்தேகமே இல்லாத சில விஷயங்கள் உண்டு. நமக்குக் கிழக்கே கடல். ஆகவே காலையில் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாமே கருநிழல்தான்: படகு, காகம், மனிதர் எல்லாம் ஒரே இங்க் நிறம். சாயங்காலம் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழும், அப்போதுதான் அலையின் பச்சையும் கட்டுமரத்தின் மரநிறமும் தெரியும். வேளச்சேரி-தாம்பரம் சாலையிலிருந்து சதுப்பைப் பார்த்தாலும் இதே கணக்கு. நிறம் வேண்டுமென்றால் அங்கே மாலையில் போங்கள், உருவம் வேண்டுமென்றால் காலையில். அப்புறம், நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் தூரத்தில் இருப்பதெல்லாம் வெளிறித்தான் தெரியும். யூடியூபில் சொல்லித்தரும் வெள்ளைக்காரர் தூரத்து மலைக்கு நீலம் அடிப்பார். இங்கே தூரம் பால் கலந்த சாம்பல். இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே உங்கள் படம் பாதி சென்னைக்கு வந்துவிடும்.

பார்ப்பது மட்டும் போதாது, தெரிந்தும் இருக்க வேண்டும். என் மானம் போன கதை ஒன்று. மே மாத ஏரியை வரைந்திருந்தேன். வெடித்த சேறு, நடுவில் ஒரு சின்னக் குட்டை, தகிக்கும் வெயில். வெறுமையாக இருக்கிறதே என்று, டிசம்பரில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஒரு வாத்துக் கூட்டத்தை அந்தக் குட்டையில் இறக்கிவிட்டேன். கண்காட்சியில் வயதான ஒருவர் வெகு நேரம் அதன் முன்னால் நின்றார். ரசிக்கிறார் என்று பக்கத்தில் போனேன். "தம்பி, இது ஊசிவால் வாத்துதானே? மே மாசம் இவங்க இங்க ஏன் இருக்காங்க? ரயில மிஸ் பண்ணிட்டாங்களா?" என்றார். ஊசிவால் வாத்து குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வரும் விருந்தாளி. வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடும். அந்தப் படத்தை நான் விற்கவில்லை, வீட்டில் கழிவறைக் கதவுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். நம் பழைய கவிதை மரபு ஒரு நிலத்தைச் சொல்லும்போது அதன் மரம், பூ, பறவை, விலங்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கருப்பொருள் என்றது. நெய்தலுக்கு ஒரு கூட்டம், மருதத்துக்கு ஒரு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது. நான் அதை இலக்கணம் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன். வரைகிறவனுக்கு அது நேரடி வேலைக்குறிப்பு என்று அந்தப் பெரியவர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

முதுமலை விஷயத்துக்கு வருகிறேன். போங்கள், நல்ல இடம். ஆனால் காட்டுயிர் வரைய அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. 1801-ல் எலிசபெத் க்விலிம் என்ற பெண்மணி மெட்ராசுக்கு வந்தார். கணவர் இங்கே சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி. எலிசபெத் 1807-ல் இங்கேயே இறந்துபோனார். அந்த ஆறேழு வருடத்தில் இந்த ஊர்ப் பறவைகளை, பெரிய பறவைகளையும்கூட, நிஜ அளவிலேயே வாட்டர்கலரில் இறகு இறகாக வரைந்தார். அமெரிக்க ஓவியர் ஆடுபான் தன் புகழ்பெற்ற பறவை ஓவியங்களை வெளியிடத் தொடங்கியதே 1827-ல்தான். க்விலிமின் ஓவியங்கள் நூறு வருடத்துக்கும் மேல் யாருக்கும் தெரியாமல் கிடந்து, 1920-களில் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் பார்க்கலாம். பனிமலைப் படங்களைத் தேடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். நம் ஊர்ப் பறவைகள் அங்கே எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

இன்றைக்கும் இங்கே பஞ்சமில்லை. கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத துண்டு நிலம், ஆனால் அதற்குள் வெளிமானும் புள்ளிமானும் நரியும் இருக்கின்றன. உள்காட்டுக்குள் நம்மை விடமாட்டார்கள். சிறுவர் பூங்காவோடு சரி. உடல் அமைப்பு பழக அது போதும். வெளிமானில் ஆணின் முதுகு வயது ஏற ஏறக் கறுத்துக்கொண்டே போகும், பெண்ணும் குட்டியும் மணல் நிறம். ஒரு கூட்டத்தில் இத்தனை பழுப்புகளை அடுக்கடுக்காகப் பிரித்து வரைவது நல்ல பயிற்சி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 1988 முதல் மாணவர்கள் இரவு நடை போய் முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள், பொதுமக்களும் கூடப் போகலாம். அங்கே டார்ச் அடிக்கக் கூடாது, பிளாஷ் கூடாது, ஆகவே வரையவும் முடியாது. பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, விடிகாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து வரைய வேண்டும். மணலில் துடுப்புக் கால்கள் இழுத்த தடம் டிராக்டர் போன மாதிரி இருக்கும். என்னுடைய நல்ல படங்களில் இரண்டு அந்த இருட்டிலிருந்து வந்தவை. பார்த்ததில் பாதியை மறந்துவிட்டதால்தான் அவை நன்றாக வந்தன என்பது என் ஊகம்.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பள்ளிக்கரணையை வரைகிறவர்களில் பலர் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களையும் பெருங்குடிக் குப்பைமேட்டையும் துடைத்துவிட்டு, ஏதோ ஆதிகாலச் சதுப்பு மாதிரி வரைகிறார்கள். எனக்கு அது பொய்யாகப் படுகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற சதுப்பு நிலம் அது. அதன் ஓரத்தில்தான் இத்தனை வருடமாக ஊர்க் குப்பை கொட்டப்பட்டது. இரண்டும் உண்மை. பரங்கிமலையை விட அதிகமாக நான் வரைந்த மலை அந்தக் குப்பைமேடுதான். மாலை வெயிலில் அது செம்மண் நிறமாகி, மேலே பருந்துகள் சுற்றும். உங்கள் அலுவலகக் கண்ணாடி தண்ணீரில் நீளமாக ஆடும், அதன் மேல் நெடுங்கால் உள்ளான் ஒன்று சிவப்புக் கால்களை எடுத்து வைத்துப் போகும். இதை விட்டுவிட்டு எதை வரைவது? வாங்க வருகிறவர்கள் "சார், குப்பை இல்லாம ஒண்ணு இருக்கா?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். வாடகை கட்ட வேண்டிய மாதங்களில் குப்பை இல்லாமல் நானும் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

பெயின்ட்டைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியவை சில. வெயிலில் எல்லா நிறமும் ஒரே மாதிரி தாங்காது. பூநாரைக் கூட்டம் ஒன்றை ஓப்பரா பிங்க் என்ற நிறத்தில் வரைந்து விற்றேன், கண்ணைப் பறித்தது. இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் போன் செய்தார்: "சார், உங்க பூநாரை எல்லாம் வெள்ளை நாரை ஆயிடுச்சு." நிஜப் பூநாரைக்கும் அந்த ரோஜா நிறம் தின்னும் சிற்றுயிர்களிலிருந்து வருவதுதான், சரியான தீனி இல்லையென்றால் அதுவும் வெளுக்கும். ஆனால் பணம் கொடுத்தவரிடம் இதைச் சொல்ல முடியுமா? புதிதாக ஒன்று வரைந்து கொடுத்தேன். டியூப்பின் பின்னால் பொடி எழுத்தில் நிறமி எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் என்று பிஆர்83 போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள், பிவி19 உள்ள க்வினாக்ரிடோன் ரோஸ் எவ்வளவோ மேல். சந்தேகமாக இருந்தால் ஒரு காகிதப் பட்டையில் எல்லா நிறத்தையும் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். நம் ஊர் வெயில் தீர்ப்பு சொல்லிவிடும். நிறங்கள் நிறைய வேண்டாம். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் சாம்பலிலிருந்து பழுப்பு வரை சதுப்புக்கு வேண்டிய முக்கால்வாசி வந்துவிடும். டியூப் பச்சையை அப்படியே பூசினால் இலை பிளாஸ்டிக் ஆகிவிடும். அதில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நம் தெருப் புழுதி படிந்த பச்சை கிடைக்கும். வெள்ளைக் கொக்குக்கு வெள்ளை பெயின்ட் வேண்டாம், காகிதத்தை அப்படியே விடுங்கள். அதிலும் காலை வெயிலில் பின்னாலிருந்து ஒளி வரும்போது கொக்கு வெள்ளை அல்ல, நீலச் சாம்பல். வெள்ளை என்பது முதுகு விளிம்பில் ஓடும் ஒரு நூல் மட்டும்தான்.

காகிதம் பருத்தியில் செய்ததாக, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் இருந்தால் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊர் ஈரத்தில் காகிதத்தின் மேல்பூச்சு கெட்டுப்போய், பெயின்ட் ஒற்றுத்தாளில் விழுந்த மாதிரி உள்ளே இறங்கிவிடும், பழுப்புப் புள்ளிகளும் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்கள், தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் என் கீழ்த்தட்டு அலமாரியில் இருந்த 11 வருட நோட்டுகள் போயின. அதிலிருந்து எல்லாம் பரணில்தான்.

போட்டோ பார்த்து வரையவே கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது என்று சொல்லமாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். இறக்கை மடிப்பு, கால் விரல் எண்ணிக்கை மாதிரியானவற்றைச் சரிபார்க்க அதை விட்டால் வழியில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் பறவைகளும் இதற்கு உதவும். ஆனால் போன் கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும், பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கிவிடும். இது தெரிந்து பயன்படுத்துங்கள். அடுத்தவர் எடுத்த போட்டோவை அப்படியே வரைந்து விற்பது காப்புரிமைச் சிக்கல். ஒரு மெயில் போட்டு அனுமதி கேட்டால் பல பேர் கொடுத்துவிடுகிறார்கள்.

கல்லூரி பற்றி. எழும்பூர்க் கல்லூரி 1850-ல் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்றவர்கள் தலைமை வகித்த இடம். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பணிக்கர் முன்னின்று உருவானது. அந்தத் தலைமுறை கோட்டுக்குக் கொடுத்த மரியாதை எங்கள் வரைக்கும் வந்தது, கல்லூரியில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அதுதான். பிற்காலத்தில் எழுத்தும் குறியீடுமாக வரைந்த பணிக்கரே தொடக்கத்தில் வாட்டர்கலரில் நிலக்காட்சி வரைந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். தினம் ஆறு மணி நேரம் வரையும் பழக்கம், கூச்சமில்லாமல் படத்தைத் திட்டும் நண்பர்கள், இவை இரண்டும் கல்லூரியில் சுலபமாகக் கிடைக்கும். வெளியில் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வரையும் குழுக்கள் இந்த ஊரில் இருக்கின்றன, பறவை பார்க்கப் போகும் குழுக்களும் இருக்கின்றன. நான் முதலில் இரண்டாவதில் சேரச் சொல்வேன். டிகிரி இல்லையென்று யாரும் ஓவியத்தைத் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

இது வரை சொன்னதில் பெயின்ட், காகிதம், வெளிச்சம் எல்லாம் நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளக்கூடியவை. ஒரே இடத்துக்குத் திரும்பப் போவது பற்றிச் சொன்னது எனக்குப் பலித்தது. இன்னொருவர் ஊர் ஊராகச் சுற்றியும் நல்ல படம் வரையலாம். "தனி பாணி" எப்போது வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என்னுடையது என்று மற்றவர்கள் சொல்வது, கண் சரியாகத் தெரியாமல் போனதால் நான் விட்டுவிட்ட விவரங்கள்தான் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஓவியத்தால் சதுப்பு பிழைக்குமா என்றும் கேட்கிறார்கள். என் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது வீடு கட்டுவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பையன் படத்தைப் பார்த்துவிட்டு, மறு வாரம் அப்பாவை இழுத்துக்கொண்டு 200 அடி சாலைக்கு வந்திருந்தான்.

நீங்கள் பெரும்பாக்கத்தில் இருக்கிறீர்கள், ஏரி உங்கள் மாடியிலிருந்தே தெரியலாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டோடு போங்கள். தொப்பி, தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது. கூடு இருக்கும் பக்கம் நெருங்க வேண்டாம், போனில் பறவைக் குரலை ஓடவிட்டு அவற்றைக் கூப்பிடவும் வேண்டாம். தெருநாய் வந்தால் ஸ்டூலிலிருந்து எழாமல் வரைந்துகொண்டே இருங்கள், அதுவும் நல்ல மாடல்தான். கொக்கும் வக்காவும் அடையும் மரத்தடியில் மட்டும் உட்காராதீர்கள். என் வேடந்தாங்கல் படம் ஒன்றில் மேல் வலது மூலையில் இருக்கும் மேகத்தை எல்லோரும் நிறுத்திப் பாராட்டுவார்கள். அது நான் வைத்தது அல்ல.